துவைத்த பென் டிரைவும் பூட்டும்

கேள்வி: இரண்டு நாள் தேடிய பென் டிரைவ், துவைத்த சட்டைப் பையில் கிடைத்தது. உயிரோடுதான் இருக்கிறது! உள்ளே வரிக் கணக்கு, அம்மாவின் ஸ்கேன் அறிக்கைகள். தெருவில் விழுந்திருந்தால்? எப்படிப் பூட்டுவது? என்னிடம் விண்டோஸ் 11 ஹோம்.

பதில் 1: ஹோம் பதிப்பில், விண்டோஸின் சொந்தப் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டிய டிரைவைத் திறக்கலாம்; புதிதாகப் பூட்ட முடியாது. வெராகிரிப்ட் என்ற பூட்டும் மென்பொருள் இலவசம். அதில் கண்டெய்னர் கோப்பு ஒன்றை (கடவுச்சொல்லால் பூட்டிய பெட்டி போன்றது) உருவாக்குங்கள். ஃபேட்32 என்ற பழைய வடிவமைப்பிலுள்ள டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டாது. பெரிய கண்டெய்னர் வேண்டுமென்றால், முதலில் டிரைவை எக்ஸ்ஃபேட் வடிவமைப்புக்கு மாற்றுங்கள். மாற்றினால் எல்லாம் அழியும், நகல் எடுத்தபின் செய்யுங்கள்.

பதில் 2: வெராகிரிப்ட் நிறுவாத கணினியில் அட்மின் (நிர்வாகி) உரிமை இல்லாமல் அந்தக் கண்டெய்னரைத் திறக்க முடியாது. அச்சுக் கடையில் அசடு வழிந்தவன் சொல்கிறேன்.

கேட்டவர்: கண்டெய்னர் தயார். 22 எழுத்துக் கடவுச்சொல், மறந்தால்?

பதில் 1: கோப்புகளுக்குத் தலைமுழுக்குதான். காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள், சட்டைப் பையில் வேண்டாம்.