புதுப்பிப்பு: சாய்தளத்து உருளைக்கு விடை 3.63 தான்

முன்பு கேட்டிருந்த கணக்கு இது: 30 பாகை சாய்தளம், 10 கிலோ திண்ம உருளை, ஆரம் 0.2 மீட்டர், உராய்வுக் கெழு 0.15. ஓய்விலிருந்து விட்டால் முடுக்கம் என்ன? பதில்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தன, 3.27 என்றும் 3.63 என்றும்.

சரி, முடிவுக்கு வந்தாயிற்று. வழுக்காமல் உருள்கிறது என்று முதலில் வைத்துக்கொண்டால் 3.27 வரும். ஆனால் அப்படி உருள 16.35 நியூட்டன் உராய்வு வேண்டும். இந்தத் தளம் தரக்கூடியது அதிகபட்சம் 12.74 நியூட்டன்தான். ஆக, உருளை வழுக்கியே தீரும். சரிவு வழியே கீழே இழுக்கும் எடையின் கூறு 49.05 நியூட்டன். அப்போது முடுக்கம் (49.05 − 12.74) / 10, அதாவது 3.63 மீ/வி². கோண முடுக்கத்தை (சுழலும் வேகம் கூடும் வீதத்தை) 3.63-ஐ ஆரத்தால் வகுத்து எடுக்கக் கூடாது. அந்தச் சமன்பாடு வழுக்காத உருளைக்கு மட்டும். உராய்வின் திருப்புத்திறனிலிருந்து (உருளையைச் சுழற்றும் விளைவிலிருந்து) எடுத்தால் 12.74 ரேடியன்/வி² வருகிறது. (உராய்வு விசையும் அதே எண்ணாக வந்தது இந்த அளவுகளால் நேர்ந்த தற்செயல், குழம்ப வேண்டாம்.)

ஆற்றல் முறையில் போட்டவர்களுக்கு ஏன் 3.27 வந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். வழுக்கும்போது உராய்வு ஆற்றலை வெப்பமாகத் தின்றுவிடும். அந்தக் கணக்கு வழுக்காமல் உருள்கிறது என்றே வைத்துக்கொண்டதால் அது விடுபட்டு, 3.27 வந்தது. 10 கிலோ என்பது சும்மா அலங்காரம், முடுக்கத்தில் நிறை அடிபட்டுப் போகும்.

திண்ம உருளை இந்தச் சரிவில் வழுக்காதிருக்கக் கெழு குறைந்தது 0.192 வேண்டும், அதாவது சாய்கோணத்து டேன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. மெல்லிய வளையம் என்றால் பாதி, 0.289.