1.6 மடங்குச் சென்சரில் புல ஆழம்: எந்தக் கணக்கை நம்புவது?

கேள்வி (புதுக்குடியிருப்பு)

வெளிநாட்டிலிருந்து வந்த மாமா தமது 50 மி.மீ. குவியத்தூரமும் எஃப் 1.8 திறப்பும் கொண்ட லென்ஸை எனக்கு விட்டுச் சென்றார். அது முழுச்சட்டகக் கமராவுக்கென்று (35 மி.மீ. பிலிம் சட்டகத்தின் அளவுச் சென்சர் கொண்டது) செய்யப்பட்டது. என்னிடம் இருப்பதோ 1.6 மடங்கு சிறிய சென்சர் கொண்ட கனன். சென்ற வாரம் அம்மம்மா முற்றத்தில் சுளகில் உழுந்து புடைத்துக்கொண்டிருந்தபோது, இரண்டு மீற்றர் தள்ளி எதிரே அமர்ந்து, எஃப் 1.8 இல், அவருடைய கண்ணில் குவியம் வைத்து எடுத்தேன். வியூஃபைண்டரில் கைகளும் ஓரளவு தெளிவாகவே தெரிந்தன. கணினியில் திறந்தபோது இமை மயிரை எண்ணலாம் போலிருந்தது. சுளகைப் பிடித்த விரல்களோ கரைந்துபோயிருந்தன.

புல ஆழக் கணிப்பானில் முழுச்சட்டகம் என்று கொடுத்தால் ஆழம் (குவியத்துக்கு முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம்) 17 செ.மீ. என்கிறது. என் கமராவைக் கொடுத்தால் 11 செ.மீ. எஃப் எண்ணை (அது கூடினால் லென்ஸின் திறப்பு சுருங்கும்) 1.6 ஆல் பெருக்கச் சொன்ன நண்பர் ஒருவரின் வழியில் போனால் 27 செ.மீ. சிறிய சென்சரில் ஆழம் கூடும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? அப்படியானால் 11 எங்கிருந்து வந்தது?

பதில் 1 (வவுனியா, ஸ்டூடியோ வைத்திருப்பவர்)

தம்பி, உங்கள் படத்துக்குச் சரியானது 11 தான். லென்ஸ் உருவாக்கும் பிம்பம் எந்தக் கமராவில் பூட்டினாலும் ஒன்றே. உங்கள் சென்சர் அதன் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறது. அந்தச் சிறு துண்டை அதே அளவுக் கடதாசியில் அச்சிட வேண்டுமானால் 1.6 மடங்கு கூடுதலாகப் பெருப்பிக்க வேண்டும், பெருப்பிக்கும்போது மங்கலும் சேர்ந்தே பெருக்கும். ஆகவேதான் முழுச்சட்டகத்துக்கு 0.03 மி.மீ. வரை பொறுத்துக்கொள்ளப்படும் மங்கல் வட்டம் (குவியத்துக்கு வெளியேயுள்ள ஒரு புள்ளி சென்சரில் விரிந்து விழும் வட்டம்), உங்கள் கமராவுக்கு 0.019 மி.மீ. என்று கணிப்பானில் சுருக்கப்பட்டிருக்கிறது.

எல்லோரும் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் அவர்கள் ஒரு நிபந்தனையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். முழுச்சட்டகத்தில் இரண்டு மீற்றரில் அடங்கும் அதே காட்சி உங்கள் கமராவில் அடங்க வேண்டுமானால், நீங்கள் 3.2 மீற்றருக்குப் பின்வாங்க வேண்டும். அங்கிருந்து எடுத்தால் ஆழம் ஏறத்தாழ 28 செ.மீ. ஆகும். அதாவது, ஆழத்தைக் கூட்டுவது சென்சர் அன்று, நீங்கள் பின்னால் வைத்த அடிகள்.

நண்பரின் பெருக்கலில் பாதி விடுபட்டிருக்கிறது. எஃப் எண்ணைப் பெருக்கினால் குவியத்தூரத்தையும் பெருக்க வேண்டும்: முழுச்சட்டகத்தில் 80 மி.மீ., எஃப் 2.9 என்று போட்டு, தூரத்தை மாற்றாமல் கணித்துப் பாருங்கள், மீண்டும் 11 க்கு அருகிலேயே வந்து சேர்வீர்கள். ஒளியளவுக்கு இந்தப் பெருக்கல் வேண்டவே வேண்டாம், எஃப் 1.8 அங்கும் இங்கும் எஃப் 1.8 தான்.

பதில் 2 (கிளிநொச்சி)

மேலே ஐயா சொன்னதுடன் இரண்டு விடயங்களைச் சேர்க்கிறேன். உங்கள் வியூஃபைண்டர் உங்களை ஏமாற்றியிருக்கிறது. இன்றைய எஸ்.எல்.ஆர். கமராக்களின் குவியத்திரை (வியூஃபைண்டரில் நாம் பார்க்கும் திரை) வெளிச்சமாகத் தெரிவதற்காகவே செய்யப்பட்டது, எஃப் 2.8 ஐ விட அகலமாகத் திறந்தாலும் அது ஏறத்தாழ 2.8 க்குரிய ஆழத்தையே காட்டும். ஆகவே பின்திரையில் லைவ் வியூவை இயக்கி, பத்து மடங்கு பெருப்பித்து, விரல்களைப் பாருங்கள். லென்ஸ் பழையதாகி, அதன் உடலில் ஆழ அளவுகோல் பொறிக்கப்பட்டிருந்தால், அதுவும் முழுச்சட்டகத்துக்கானது. எஃப் 8 இல் எடுக்கும்போது 5.6 இன் கோடுகளை வாசியுங்கள்.

அகலக் காட்சிகளில் இந்தத் தலைவலி குறைவு. இரணைமடுக் குளக்கட்டில் 18 மி.மீ. லென்ஸை எஃப் 8 இல் வைத்து, இரண்டு மீற்றர் சொச்சத்தில் குவியம் வைப்பேன். ஒரு மீற்றருக்கு அப்பாலுள்ள புல்லிலிருந்து அக்கரை மரங்கள் வரை தெளிவாக வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. பனையோலைப் பாயை விரித்து, கமராவைப் பாயின் மட்டத்துக்குத் தாழ்த்தி, ஒரு பின்னலில் குவியம் வைத்து எடுத்துப் பார்த்தேன். தெளிவாக விழுந்த பின்னல்களை அடிமட்டத்தால் அளந்தபோது 11 க்கு மிக அருகில்தான் நின்றது. அப்படியானால் முகமும் விரல்களும் சேர்ந்து விழ எஃப் 8 போதுமா? கண்ணிலிருந்து விரல்வரை 35 செ.மீ. இருக்கும்.

பதில் 1 (வவுனியா)

இரண்டுக்கும் நடுவே, 1.8 மீற்றரில் குவியம் வைத்தால் மட்டுமட்டாகப் போதும். ஆனால் 1.8 இலிருந்து 8 க்குப் போகும்போது ஒளி இருபதில் ஒரு பங்காகிவிடும். ஷட்டர் மெதுவானால், புடைக்கும் கை அசைவினால் மங்கும், அதைப் புல ஆழத்தின் குற்றம் என்று மறுபடியும் இங்கே எழுதுவீர்கள். எதிரே இருக்காமல் பக்கவாட்டில் போய் இருங்கள். முகமும் சுளகும் கமராவுக்கு ஒரே தூரத்தில் அமைந்துவிடும், எஃப் 4 இல் 24 செ.மீ. கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்

இன்று காலை மாமரத்தடியில் பக்கவாட்டில் இருந்து, எஃப் 4 இல் எடுத்தேன். விரல் நகமும் மூக்குத்தியும் ஒருமிக்கத் தெளிவு. சுளகுக்கு மேலே எழும்பிய உழுந்துக் கோதுகூட தனித்தனியாகத் தெரிகிறது. அம்மம்மாவுக்குப் படத்தைக் காட்டினேன். உழுந்தில் இன்னும் கல் கிடக்கிறது என்றார்.