சளி மாத்திரை சாப்பிட்ட மாமனாருக்குச் சிறுநீர் அடைத்துவிட்டது. குழந்தைக்கு அதே கடை சிரப்பைக் கொடுக்கலாமா?

செம்பூர் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். மாமனாருக்கு 71 வயது. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர். பேத்தியின் மூன்றாவது பிறந்தநாளுக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்தார். இந்த மும்பை மழை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வந்த இரண்டாம் நாளே மூக்கு ஒழுகல், தொண்டைக் கரகரப்பு. தெருமுனை மெடிக்கலில் நான்தான் போய்ச் சொல்லி வாங்கினேன். டாக்டர் சீட்டும் கேட்கவில்லை, யாருக்கு, எத்தனை வயது என்றும் கேட்கவில்லை. வெட்டிய அட்டையில் ஒன்பது சளி மாத்திரை, மூன்று அசித்ரோமைசின் 500 (ஆன்டிபயாடிக்). உடம்புவலிக்கு என்று வீட்டில் இருந்த டோலோ 650-ஐயும் மாமா தானாகவே போட்டுக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் நாள் ராத்திரி கட்டிலுக்கும் பாத்ரூமுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். மருமகளிடம் சொல்லக் கூச்சம். ஒரு மணிக்கு மேல் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ பிடித்து ஓடினோம். ஆஸ்பத்திரியில் சிறுநீர் போக டியூப் வைத்ததும் பையில் 900 மில்லி இறங்கியது. டாக்டர் "என்ன மாத்திரை கொடுத்தீர்கள்?" என்று கேட்டபோது என் கையில் இருந்த துண்டு அட்டையில் பெயரே இல்லை. என்ன கொடுத்தேன் என்றே சொல்லத் தெரியாமல் நின்றேன்.

இது சளி மாத்திரையால்தான் வந்திருக்குமா? அசித்ரோமைசினில் ஒன்று பாக்கி இருக்கிறது. கோர்ஸை முடிக்க வேண்டும் என்கிறார் நாத்தனார். இப்போது குழந்தைக்கும் சளி. அதே கடையில் ஒரு சிரப் கொடுத்தார்கள், இன்னும் திறக்கவில்லை. கொடுக்கலாமா?

மாட்டுங்கா மருந்தாளுநர்:

அம்மா, நான் டாக்டர் இல்லை. டி.ஃபார்ம் படித்துவிட்டு 34 வருஷமாக மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறவன். முதலில் ஒன்று சொல்கிறேன், குழந்தைக்கு அந்த சிரப்பைத் திறக்காதீர்கள். காரணம் கீழே.

சளி மாத்திரை என்று நாம் சொல்வது ஒரே மருந்து இல்லை. பெரும்பாலும் மூன்று நான்கு மருந்துகளைச் சேர்த்து அடித்த மாத்திரை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், ஒழுகலை நிறுத்தக் குளோர்பெனிரமின், அடைப்புக்கு ஃபினைல்எஃப்ரின். குளோர்பெனிரமின் மூக்கை உலர்த்துவதோடு நிற்பதில்லை, சிறுநீர்ப்பை சுருங்கித் தள்ளும் பலத்தையும் குறைக்கும். ஃபினைல்எஃப்ரின் பையின் வாயை இறுக்கும். 70 வயது ஆண்களில் பலருக்கு புராஸ்டேட் பெருத்து ஏற்கெனவே வழி குறுகியிருக்கும். தள்ளவும் பலமில்லை, வாயும் இறுகிவிட்டது என்றால் உங்கள் மாமனாருக்கு நடந்ததுதான் நடக்கும். அவருக்கு இதுதான் காரணம் என்று பார்க்காமல் நான் அடித்துச் சொல்ல முடியாது. டியூப் வைத்த டாக்டர் மாத்திரையைக் கேட்டது இதற்காகத்தான். பி.பி. உள்ளவர்களுக்கும் ஃபினைல்எஃப்ரின் நல்லதில்லை. இவ்வளவுக்கும், அதை மாத்திரையாக விழுங்கினால் மூக்கடைப்பு திறப்பதில்லை என்று 2023-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் நிபுணர் குழு ஒருமனதாகச் சொல்லியிருக்கிறது.

டோலோ விஷயம் இன்னும் என்னை உறுத்துகிறது. சளி மாத்திரை ஒன்றில் 500 மி.கி. பாராசிட்டமால் என்றால் மூன்று வேளைக்கு 1,500. டோலோ 650-ம் பாராசிட்டமால்தான், அதோடு நாலு போட்டால் 2,600. மொத்தம் 4,100. நல்ல உடம்புள்ள பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4,000-தான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் அடிபடுவது ஈரல். எத்தனை டோலோ போட்டார் என்று மாமாவிடம் கேட்டு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அசித்ரோமைசின் கிருமிகளில் பாக்டீரியாவைத்தான் கொல்லும். சளி வைரஸால் வருகிறது. அந்த மாத்திரைக்கு அவர் உடம்பில் வேலையே இல்லை. சளி மஞ்சளாக, பச்சையாக வந்தால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்று கவுண்டரில் தினமும் கேட்கிறார்கள். நிறம் மாறுவது சாதாரணச் சளியிலும் உண்டு. கோர்ஸை முடி என்பது டாக்டர் பார்த்து, தேவை என்று எழுதிய கோர்ஸுக்குச் சொன்னது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது கோர்ஸ் ஆகாது. அந்த மாத்திரையை டாக்டரிடம் காட்டுங்கள், அவரே சொல்வார். வயதானவர்களுக்கு, முக்கியமாக இதயக் கோளாறு இருந்தால், இது இதயத்துடிப்பின் தாளத்தைக் கெடுக்கவும் கூடும். வீட்டில் அடுத்த சளிக்காக எடுத்து வைக்காதீர்கள். அட்டையின் ஓரத்தில் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருக்கும், பாருங்கள். சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பதற்கு அடையாளம் அது. 2016-ல் மத்திய சுகாதாரத் துறை அதைப் பெரிதாக விளம்பரம் செய்தது. கோடு அப்படியே இருக்கிறது, பார்க்கத்தான் ஆள் இல்லை.

இனி குழந்தை. குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிடச் சொல்லி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டாளர் உத்தரவிட்டார். 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை இன்னும் விரிவாகவே சொன்னது: 2 வயதுக்குள் இருமல், சளி மருந்து கூடவே கூடாது, 5 வயதுக்குள் பொதுவாக வேண்டாம். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் சிரப் குடித்த பிஞ்சுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த நேரம் அது. அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் இருந்த விஷம் டைஎதிலீன் கிளைகால். இந்தப் பெயரை நான் முதலில் கேட்டது 1986-ல், மாணவனாக இருந்தபோது. இதே மும்பையில், ஜே.ஜே. மருத்துவமனையில், அது கலந்த கிளிசரினால் 14 நோயாளிகள் இறந்தார்கள். நாற்பது வருஷம் கழித்தும் அதே பெயரைச் செய்தியில் படித்தபோது அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

குழந்தையின் மூக்குக்கு சலைன் (உப்புநீர்) சொட்டு போதும். ராத்திரி இருமலுக்கு அரை ஸ்பூன் தேன், ஒரு வயது தாண்டிவிட்டதால் கொடுக்கலாம். கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைக்காதீர்கள், கொட்டிவிடும். மூச்சு வேகமாக வாங்கினால், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தால், மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் உடனே குழந்தை டாக்டர்.

கடைசியாக, அட்டையை வெட்டித் தந்தால் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் துண்டைக் கேட்டு வாங்குங்கள். கத்தரி வைக்கும்போது தேதி ஒரு துண்டோடும் பெயர் ஒரு துண்டோடும் போய்விடுகிறது. முழு அட்டை தரமாட்டேன் என்றால் பில் கேளுங்கள். பில்லில் பெயர் வரும்.

தாராவி 90 அடி ரோடு:

அண்ணாச்சி சொல்வது எல்லாம் சரி. ஆனால் நான் தையல் கடையில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறவன். டாக்டரிடம் போனால் 300 ரூபாய், வரிசையில் அரை நாள் போகும், அன்றைய கூலியும் போகும். மெடிக்கலில் 60 ரூபாய்க்கு மூன்று வேளை மாத்திரை கிடைக்கிறது. எங்களை மாதிரி ஆட்கள் என்ன செய்வது?

மாட்டுங்கா மருந்தாளுநர்:

தம்பி, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. உங்களுக்கு வெறும் சளி என்றால் டாக்டரும் வேண்டாம், அந்த 60 ரூபாயும் வேண்டாம். காய்ச்சலுக்குத் தனி பாராசிட்டமால் அட்டை வாங்குங்கள், வெந்நீர், உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு, தூக்கம். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் விட்டுவிடும். காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் 2022-ல் மாநகராட்சி ஆரம்பித்த ஆப்லா தவாகானா கிளினிக் இருக்கிறது. டாக்டரும் மருந்தும் இலவசம், வேலை முடிந்து சாயங்காலமும் போகலாம்.

முலுண்ட் அம்மா:

சலைன் சொட்டு என்று கேட்டு வாங்கும்போது பாட்டிலைப் படியுங்கள். எனக்கு அதற்குப் பதில் ஆக்சிமெட்டசோலின் என்ற மூக்கடைப்பு மருந்துச் சொட்டைக் கொடுத்துவிட்டார்கள். நிறுத்தினால் மூக்கு அடைக்கிறது என்று மூன்று வாரம் போட்டேன், பிறகு அது இல்லாமல் தூங்கவே முடியவில்லை. மூன்று நாளுக்கு மேல் போடக் கூடாதாம், காது மூக்கு தொண்டை டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

செம்பூர் மருமகள்:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. சிரப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். குழந்தை நேற்று ராத்திரி தேன் குடித்துவிட்டு நாலு மணி வரை தூங்கினாள். மாமா மூன்று நாளில் பதினோரு டோலோ போட்டிருக்கிறார். டாக்டரிடம் சொன்னேன், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஈரலுக்கு ஒன்றும் இல்லை. மிச்சம் இருந்த அசித்ரோமைசின் வேண்டாம் என்றார். புராஸ்டேட் பெரிதாகத்தான் இருக்கிறதாம். இன்று காலை டியூப் எடுத்தார்கள், தானாகவே போனார். வெளியே வந்து என்னிடம் "போயிட்டும்மா" என்றார், அன்றைக்குச் சொல்லக் கூச்சப்பட்டவர். சிறுநீர் வழியைத் தளர்த்த டாம்சுலோசின் எழுதியிருக்கிறார்கள். சாப்பிடக் கூடாத மருந்துகளின் பெயர்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், ஊரில் மெடிக்கலுக்குப் போனால் காட்டுவதற்கு.

மாட்டுங்கா மருந்தாளுநர்:

ரொம்ப சந்தோஷம் அம்மா. அந்தத் தாளில் பி.பி. மாத்திரை, டாம்சுலோசின் பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள். டாம்சுலோசின் ஆரம்பித்த புதிதில் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ராத்திரி பாத்ரூம் போகும்போது கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கச் சொல்லுங்கள். பாத்ரூம் விளக்கும் எரியட்டும்.