ரூர் பகுதியில் கிரவுண்ட்ஹாப்பிங்: ஒரு வார இறுதியில் இரண்டு, மூன்று மைதானம் பார்க்க முடியுமா?

இளவேனில் கேட்டது:

வணக்கம். அக்டோபர் முதல் ஜெர்மனியின் போஹும் நகரில் படிப்பு. செமஸ்டர் கட்டணத்தோடு டாய்ச்லாண்ட் டிக்கெட்டும் வந்துவிடுவதால் வட்டார ரயில், டிராம், பஸ் எதற்கும் தனிச் செலவு இல்லை. அதை வைத்து ரூர் பகுதி கால்பந்து மைதானங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க, அதாவது கிரவுண்ட்ஹாப்பிங் செய்ய, ஆசை. ஒரே அணியின் பின்னால் போகும் எண்ணம் இல்லை. பழைய ஸ்டாண்டு, நின்று பார்க்கும் படிகள், பேட்டைக் கிளப்புகள், இவைதான் வேண்டும்.

ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம் உண்மையிலேயே சாத்தியமா? டோர்ட்முண்ட், ஷால்க போன்ற பெரிய கிளப்புகளின் டிக்கெட் வெளியாளுக்குக் கிடைக்குமா? கீழ்ப் பிரிவு ஆட்டங்களை எங்கே தேடுவது? திட்டம் எங்கே கவிழும்? மாதம் 60 யூரோவுக்கு மேல் செலவழிக்க வழியில்லை.

தண்டவாளம் பதில்:

சாத்தியம்தான். ஜெர்மனியில் இதற்கு இவ்வளவு தோதான பகுதி வேறு இல்லை என்பது என் கருத்து. டோர்ட்முண்ட், போஹும், எஸ்ஸன், டூயிஸ்பர்க் நான்கும் ஒரே ரயில் பாதையில் வரிசையாக இருக்கின்றன. ஆர்ஈ1, ஆர்ஈ6, எஸ்1 என்ற வட்டார ரயில்கள் மூன்றும் அதில் ஓடுகின்றன. கெல்சன்கிர்ஷனுக்கும் ஓபர்ஹவுசனுக்கும் டோர்ட்முண்டிலிருந்து ஆர்ஈ3 போகிறது. உங்கள் டிக்கெட் ஐசி, ஐசிஈ என்ற நெடுந்தூர வண்டிகளில் செல்லாது. இந்தத் தூரத்துக்கு அவை தேவையும் இல்லை.

முதலில் ஆட்ட நேரங்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். பெரும்பாலான ஆட்டங்கள் இவற்றில்தான் விழும். புண்டஸ்லீகா (முதல் பிரிவு) வெள்ளி 20:30, சனி 15:30, 18:30, ஞாயிறு 15:30, 17:30. இரண்டாம் புண்டஸ்லீகா வெள்ளி 18:30, சனி 13:00, 20:30, ஞாயிறு 13:30. மூன்றாம் லீகா வெள்ளி 19:00, சனி 14:00, 16:30, ஞாயிறு 13:30, 16:30, 19:30. ரெகியோனாலீகா வெஸ்ட் (நான்காம் பிரிவு) பெரும்பாலும் சனி 14:00, சில ஆட்டங்கள் வெள்ளி 19:30.

ஓர் ஆட்டம் 90 நிமிடம், இடைவேளை 15, இரண்டு பாதியிலும் சேர்த்துக் கூடுதல் நேரம் 6 முதல் 10. ஆக, தொடக்க விசிலிலிருந்து 1 மணி 55 நிமிடம். அதன்பின் வாசல் நெரிசலுக்கு எவ்வளவு விடுவது என்பதில்தான் சூட்சுமம். ஆயிரம் பேர் வரும் மைதானத்தில் 5 நிமிடம் போதும், 25,000 பேர் வரும் இடத்தில் 20 நிமிடம் பிடிக்கும். டோர்ட்முண்டில் 81,000 பேர் ஒன்றாக வெளியே வரும்போது சுரங்க டிராமை நம்பவே கூடாது. அங்கிருந்து மத்திய ரயில் நிலையம் சுமார் 3 கிலோமீட்டர், 40 நிமிடம். நடந்துவிடுங்கள்.

அணிகள் அந்தந்தப் பிரிவில் இருந்து, அட்டவணையும் ஒத்துழைத்தால் ஒரு சனிக்கிழமை இப்படி அமையும். 13:00க்குப் போஹுமில் இரண்டாம் பிரிவு ஆட்டம். 14:55க்கு முடிந்ததும் 308 அல்லது 318 டிராமில் மத்திய நிலையம், அங்கிருந்து பத்தே நிமிடத்தில் எஸ்ஸன். 16:30க்கு ஹாஃபன்ஸ்ட்ராசையில் மூன்றாம் லீகா. மைதானத்துக்குப் பஸ்ஸில்தான் போக வேண்டும், கடைசி அரை மணி நேரத்தில் அந்தச் சாலை அடைத்துக்கொள்ளும். அதனால் 15:30க்காவது எஸ்ஸன் நிலையத்தில் இறங்கியிருக்க வேண்டும். 18:25க்கு முடியும். ரயிலில் டுசல்டார்ஃப், நிலையத்தின் அடியிலிருந்தே யு78 சுரங்க டிராம். 20:30 ஆட்டத்துக்கு நேரம் மிஞ்சும். இந்த மூன்றில் எஸ்ஸன் பகுதிதான் பலவீனமான கண்ணி. அங்கே தாமதித்தால் மூன்றாவது ஆட்டத்தின் முதல் பாதி போய்விடும்.

கவிழும் இடங்கள் இரண்டு. பருவத் தொடக்கத்தில் வெளிவரும் அட்டவணையில் எந்த வார இறுதி என்பது மட்டும்தான் உறுதி. நாளும் மணியும் சில வாரங்களுக்கு முன்புதான் தொகுதி தொகுதியாக அறிவிக்கப்படும். அதற்கு முன் பணம் கட்டி எதையும் புக் செய்யாதீர்கள். இன்னொன்று, வார இறுதியில் தண்டவாளப் பணி. ரயில் நிறுவனத்தின் செயலியில் எஸ்ஈவி என்று இருந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுகிறார்கள் என்று பொருள். 10 நிமிடப் பயணம் 40 ஆகிவிடும். இதை முந்தைய நாள் இரவு ஒருமுறை, அன்று காலை ஒருமுறை பாருங்கள்.

ஹேர்ண_வாசி பதில்:

தம்பி, மேல சொன்னது சனிக்கிழமைக் கதை. இந்தப் பொழுதுபோக்கின்ர அசல் நாள் ஞாயிறு. உங்கட 60 யூரோவுக்கும் அதுதான் சரி.

ஃபுஸ்பால்.டிஈ தளத்தில மாட்ச்கலண்டர் எண்டு ஒரு பகுதி இருக்கு. திகதியும் இடமும் குடுத்தால் கடைசிப் பிரிவு வரைக்கும், சிறுவர், பெண்கள் ஆட்டமெல்லாம் வரும். புதுசா வாற ஆக்கள் தடுமாறுறது ஒரு விசயத்தில. ரூர் பகுதி இரண்டு மாநிலச் சங்கங்களுக்கு நடுவில பிரிஞ்சு கிடக்கு. டோர்ட்முண்ட், போஹும், ஹேர்ண, கெல்சன்கிர்ஷன் எல்லாம் வெஸ்ட்ஃபாலன். எஸ்ஸன், ஓபர்ஹவுசன், டூயிஸ்பர்க் எல்லாம் நீடர்ரைன். ஒண்டில மட்டும் தேடினால் பக்கத்து ஊரில நடக்கிற ஆட்டம் கண்ணில படாது. ஐஞ்சாம் பிரிவான ஓபர்லீகாவும் அப்பிடித்தான், இரண்டு இருக்கு.

ஆட்டத்தைத் திறந்தவுடன மைதான வரியைக் கவனமாப் பாருங்கோ. ராசன்பிளாட்ஸ் எண்டால் இயற்கைப் புல், குன்ஸ்ட்ராசன்பிளாட்ஸ் எண்டால் செயற்கைப் புல், ஹார்ட்பிளாட்ஸ் எண்டால் செம்மண் மாதிரி இருக்கிற சாம்பல் தரை. அந்தச் சாம்பல் தரை ஒரு காலத்தில இந்தப் பகுதியின்ர அடையாளம். இப்ப ஒவ்வொண்டாச் செயற்கைப் புல்லா மாத்தினம், கண்டால் விடாதேங்கோ. அழகான பழைய ஸ்டாண்ட் இருக்கிற கழகத்துக்குப் பெரும்பாலும் பக்கத்தில ஒரு செயற்கைப் புல் திடலும் இருக்கும். மழை பெய்தால் ஆட்டத்தை அங்க மாத்திப்போடுவினம். ஸ்டாண்டைப் பாக்கப் போனவர் வேலிக்கு வெளியில நிண்டு பக்கத்துத் திடலைப் பாத்திட்டு வரவேண்டியதுதான். தளத்தில அந்த வரி காலமையும் மாறலாம், வெளிக்கிட முதல் திரும்பப் பாருங்கோ.

கழகத்தின்ர முதலாம் அணி வழமையா 15:00க்கு, இருட்டு வெள்ளனவா வாற மாதங்களில 14:30க்கு. இரண்டாம் அணி 13:00. 19 வயதுக்குக் கீழ் அணிகள் பெரும்பாலும் 11:00. 11க்கு ஒண்டு, 15க்கு ஒண்டு எண்டால் சிரமமே இல்லை. நடுவில 13:00 ஆட்டத்தைச் செருக வெளிக்கிட்டால் இரண்டு பக்கமும் பத்துப் பத்து நிமிசம்தான் மிஞ்சும், நடந்து போற தூரத்தில மூண்டு மைதானமும் இருந்தால் ஒழிய ஏலாது. அதுக்கு ஒரு வழி இருக்கு. 17 வயதுக்குக் கீழ் ஆட்டம் 40 நிமிசப் பாதி, 15 வயதுக்குக் கீழ் 35 நிமிசப் பாதி. காலமை அதில ஒண்டை எடுத்தால் 10 தொடக்கம் 20 நிமிசம் கையில வரும்.

கடைசிப் பிரிவுகளில நம்பிப் போக ஏலாத ஆட்டங்களும் இருக்கு. ஒரு அணிக்கு ஆள் சேராட்டில் வராமலே விட்டிடுவினம், ஆட்டம் இல்லை. இரண்டு கழகமும் பேசி இடத்தை மாத்திக்கொள்ளுறதும் உண்டு. க்ரைஸ்லீகா சீ எண்ட அடிமட்டப் பிரிவு ஆட்டம் ஒண்டுக்காக ஒரு மணித்தியாலம் பயணம் போறது புத்தியில்லை. பக்கத்தில இன்னொரு ஆட்டத்தையும் குறிச்சு வைச்சிட்டுத்தான் வெளிக்கிடவேணும்.

காசு: க்ரைஸ்லீகாவில ஒண்டுமில்லை, அல்லது 3, 4 யூரோ. ஓபர்லீகா 10 யூரோவுக்குக் கிட்ட. வாசலில மேசை போட்டு ஒருத்தர் இருப்பார், அட்டை வாங்கமாட்டார். சில்லறையாக் கொண்டுபோங்கோ.

தென்படி பதில்:

டிக்கெட் பற்றி.

டோர்ட்முண்டில் 81,365 இடம், அதில் தெற்குப் படியில் மட்டும் நின்று பார்ப்பவர்கள் 24,454 பேர். ஆனால் சுமார் 55,000 இடம் சீசன் டிக்கெட்டுக்கே போய்விடுகிறது. மிச்சத்தில் கிளப் உறுப்பினர்களுக்கு முன்னுரிமை. வெளியாளுக்கு உள்ள நேர்மையான வழி, கிளப்பே நடத்தும் மறுவிற்பனைப் பக்கம். வர முடியாதவர்கள் அதில் அசல் விலையை ஒட்டி விடுவார்கள். ஆட்டத்துக்கு முந்தைய சில நாட்களில் அடிக்கடி திறந்து பாருங்கள், ஒற்றை இடம் தேடுபவருக்கு வாய்ப்பு அதிகம். வெளி மறுவிற்பனைத் தளங்களில் மூன்று நான்கு மடங்கு கொடுத்து வாங்காதீர்கள். கிளப் கண்டுபிடித்தால் அந்த டிக்கெட்டை முடக்கிவிடும், வாசலில்தான் தெரியவரும்.

அது கிடைக்கும்வரை அதே வளாகத்தில் ரோட்ட எர்டவுக்குப் போங்கள். 1926-ல் திறந்த மைதானம். 1974 உலகக் கோப்பைக்காகப் பக்கத்தில் வெஸ்ட்ஃபாலன் ஸ்டேடியம் எழும்பும்வரை டோர்ட்முண்ட் அங்கேதான் ஆடியது. இப்போது இரண்டாம் அணியின் இடம். ஓடுதளத்தைச் சுற்றிய தாழ்ந்த படிகளில் நின்று நிமிர்ந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய ஸ்டேடியத்தின் மஞ்சள் தூண்கள் தலைக்கு மேலே நிற்கும். ஜெர்மன் கால்பந்து எப்படி வளர்ந்தது என்று ஒரே பார்வையில் தெரியும் இடம் அது.

ஷால்கவுக்கு உங்கள் ஊரிலிருந்தே 302 டிராம் இருக்கிறது, கெல்சன்கிர்ஷன் வழியாக அரங்க வாசலுக்கே போகும். 62,000 இடம் இருப்பதால் டோர்ட்முண்டைவிட எளிதில் கிடைக்கும். அதே பாதையில்தான் 1928-ல் திறந்த கம்ஃப்பான் க்ளுக்அவுஃப் இருக்கிறது, ஷால்கவின் பழைய வீடு. 1973 வரை அங்கேதான். ஆட்டமில்லாத நாளிலும் இறங்கி முன்னாலிருந்து பார்க்கலாம்.

மற்ற இடங்களில் ஸ்டேப்ளாட்ஸ், அதாவது நின்று பார்க்கும் இடம், வாங்குங்கள். பெரிய பிரிவுகளிலேயே 20 யூரோவுக்குள் அடங்கும், மாணவர் அட்டை காட்டினால் இன்னும் குறையும். அட்டையை மறக்காதீர்கள், வாசலில் கேட்பார்கள். விருந்தினர் அணிக்கான பகுதியை மட்டும் தவறியும் எடுக்காதீர்கள்.

உடை விஷயத்தில் விளையாட வேண்டாம். டோர்ட்முண்டில் ஷால்கவின் நீலம்-வெள்ளையோ, ஷால்கவின் ஊரான கெல்சன்கிர்ஷனில் டோர்ட்முண்டின் மஞ்சள்-கறுப்போ போடாதீர்கள். நாளுக்கு மூன்று மைதானம் போகிறவருக்குச் சாம்பல் நிறம்தான் நல்லது. பை ஏ4 அளவுக்குள் இருக்கட்டும், பெரிதாக இருந்தால் வெளியே ஒப்படைத்துத் திரும்ப வாங்கவே 20 நிமிடம் போய்விடும், அடுத்த ரயிலும் போய்விடும். லென்ஸ் கழற்றும் கேமராவைப் பெரிய அரங்குகளில் விடமாட்டார்கள். கீழ்ப் பிரிவுகளில் விடுவார்கள், ஆனால் கொடி, மேளத்தோடு நிற்கும் ரசிகர் கூட்டத்தின் முகங்களை நெருக்கத்தில் எடுக்காதீர்கள். அது அங்கே உண்மையான சண்டைக்குக் காரணமாகும். குடிக்க வாங்கும் பிளாஸ்டிக் கோப்பைக்கு முன்பணம் பிடிப்பார்கள், திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இளவேனில்:

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. எதை ஒரு மைதானம் பார்த்ததாகக் கணக்கில் எடுப்பது? அக்டோபரில் தொடங்கினால் குளிர்காலத்துக்குள் எதை முதலில் முடிக்க வேண்டும்?

தண்டவாளம் பதில்:

கணக்குக்குப் பொது விதி கிடையாது, ஆனால் பெரும்பாலானோர் வைத்திருப்பது: முழு 90 நிமிடம் பார்க்க வேண்டும். பக்கத்துத் திடல் தனி மைதானம், பெரிய ஸ்டாண்டின் கணக்கில் சேராது. நட்பு ஆட்டத்தைச் சிலர் சேர்ப்பார்கள், சிலர் மாட்டார்கள். முதலிலேயே ஒரு விதியை வைத்துக்கொண்டு மாற்றாமல் இருங்கள். பதிவுக்கு ஃப்யூட்பாலஜி செயலி போதும். கூடவே தேதி, பிரிவு, முடிவு, தரை வகை நான்கையும் சொந்தமாக ஒரு விரிதாளில் எழுதி வையுங்கள், பின்னால் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

குளிர்காலத்தைப் பொறுத்தவரை, மேல் இரண்டு பிரிவுகளில் தரைக்கு அடியில் சூடேற்றும் குழாய் கட்டாயம், அங்கே ஆட்டம் நிற்பது அரிது. ரெகியோனாலீகாவிலும் அதற்குக் கீழும் இயற்கைப் புல் மைதானங்கள் நவம்பரிலிருந்தே ஆபத்து. மழையோ உறைபனியோ வந்தால் நகராட்சியே எல்லாப் புல் திடல்களையும் மொத்தமாக மூடிவிடும், கிளப் கையில் எதுவும் இல்லை. டிசம்பர் நடுவிலிருந்து பெரும்பாலும் பிப்ரவரி நடுப்பகுதி வரை அமெச்சூர் லீக் ஓய்வில் இருக்கும்.

ஆகவே போஹும், ஷால்க, டுசல்டார்ஃப் போன்ற கூரையுள்ள பெரிய இடங்களைக் குளிருக்கு ஒதுக்கிவிட்டு, அக்டோபரில் பழைய புல் மைதானங்களை முடியுங்கள். எம்ஷர் ஆற்றுக்கும் கால்வாய்க்கும் நடுவே கிடக்கும் ஓபர்ஹவுசனின் நீடர்ரைன் ஸ்டேடியம், ரோட்ட எர்ட, இரண்டையும் முதலில் வையுங்கள். மூன்றாவது வுப்பர்டால். எஸ்ஸனில் எஸ்9 மாறி வோவிங்கலில் இறங்கி, அங்கிருந்து தொங்கு ரயில் ஏறுங்கள், அதற்கும் உங்கள் டிக்கெட்டே செல்லும். தொடக்கத்தில் வீதிக்கு மேலே வீட்டு ஜன்னல்களை உரசுவதுபோல் போகும், சோன்போர்ன் தாண்டியதும் ஆற்றுக்கு மேலே திரும்பிவிடும். அதற்கடுத்த நிறுத்தத்தின் பெயரே ட்சோ/ஸ்டாடியோன், மைதானம் நடந்து போகும் தூரம்.

ஹேர்ண_வாசி பதில்:

அதோட மே மாதத்தையும் குறிச்சு வையுங்கோ. மாநிலக் கோப்பை இறுதியாட்டங்களெல்லாம் ஒரே நாளில நடக்கும், வெஸ்ட்ஃபாலனுக்கு ஒண்டு, நீடர்ரைனுக்கு ஒண்டு. தொடங்கிற நேரம் வேறயா விழுந்தால் இரண்டையும் பாக்கலாம். இடம் அரையிறுதி முடிஞ்ச பிறகுதான் தெரியவரும், ரிக்கெற் உடன வாங்கிப்போடுங்கோ.