பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியதும் ஏமாறாமல் ஊருக்குள் போவது எப்படி?

மாம்பலம்வாசி:
அப்பா, அம்மா, மனைவி, நான் என்று நான்கு பேர். மூன்று பெரிய பெட்டிகள். சென்னையில் நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானம், அங்கே காலை ஆறரை வாக்கில் இறங்குகிறது. ஹோட்டல் சுகும்வித்தில், நானா ஸ்டேஷன் பக்கம். இரண்டு நாள் கழித்துப் பட்டாயா.

ஏர்போர்ட்டிலிருந்து ஹோட்டலுக்குக் கார் அனுப்ப ஏஜென்ட் 1,500 பாத் (தாய்லாந்துப் பணம்) கேட்கிறார். மீட்டர் டாக்சி என்றால் நியாயமாக எவ்வளவு ஆகும்? கைக்காசை ரூபாயாகக் கொண்டுபோவதா, டாலராகவா? தாய்லாந்துக்குள் நுழையக் கேட்கும் வருகை அட்டையை நிரப்பக் கூகுளில் தேடினால் முதலில் வரும் தளம் பணம் கேட்கிறது. அது கட்டித்தான் ஆகவேண்டுமா?

நாலுவழிச்சாலை:
முதலில் அந்தக் கட்டடத்தின் மாடிக்கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி எடுத்துக்கொண்டு சுங்கம் தாண்டி வெளியே வரும் இடம் இரண்டாம் தளம். நிஜமான மீட்டர் டாக்சி முதல் தளத்தில், 4, 7ஆம் வாசல்களுக்கு வெளியே. ரயில் அதற்கும் கீழே, ‘பி’ என்று போட்டிருக்கும் அடித்தளத்தில். "டாக்சி சார், டாக்சி" என்று அட்டை நீட்டுகிறவர்கள் எல்லாரும் அந்த இரண்டாம் தளத்தில்தான் நிற்பார்கள், ஏனென்றால் கீழே இறங்கிவிட்டால் அவர்களிடம் யாரும் போகமாட்டார்கள். அங்கே இருக்கும் லிமோசின் கவுன்ட்டர்கள் அதிகாரபூர்வமானவைதான், ஆனால் கட்டணம் ஆயிரம் பாத்தைத் தாண்டும். யாருக்கும் பதில் சொல்லாமல் ட்ராலியோடு லிஃப்டில் ஒரு தளம் இறங்குங்கள்.

வாசலுக்கு வெளியே டோக்கன் மெஷின்கள் வரிசையாக இருக்கும். சீட்டில் பெரிதாக ஒரு எண் வரும். அந்த எண் எழுதிய இடத்தில் நிற்கும் வண்டிதான் உங்களுடையது. சீட்டைக் கடைசிவரை கையில் வைத்திருங்கள், டிரைவர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். வண்டி எண்ணுக்கு அதுதான் ஆதாரம், பின்னால் புகார் செய்யவோ டிக்கியில் மறந்த பெட்டியைத் தேடவோ அது இல்லாமல் முடியாது.

இப்போது கணக்கு. சாதாரண டாக்சிக்கு முதல் கிலோமீட்டர் 35 பாத். பத்து கிலோமீட்டர் வரை கி.மீ.க்கு 6.50, பத்திலிருந்து இருபது வரை 7, இருபதிலிருந்து நாற்பது வரை 8. வண்டி நெரிசலில் ஊர்ந்தால் நிமிடத்துக்கு 3. நானாவுக்கு 30 கி.மீ. என்று வையுங்கள்: 35 + 58.50 + 70 + 80, ஆக 243.50. காலை நெரிசலில் இருபது நிமிடம் நின்றால் இன்னும் 60. அதோடு ஏர்போர்ட் கட்டணம் 50, எக்ஸ்பிரஸ்வே டோல் 25, 50 என்று இரண்டு. மொத்தம் 430 பாத் சுமார். அந்த 50 மீட்டரில் தெரியாது, இறங்கும்போது சேர்த்துக் கொடுப்பது. அதைக் கேட்பது ஏமாற்று இல்லை, அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

ஏமாற்று நடப்பது வேறு இடங்களில். பெட்டியை டிக்கியில் ஏற்றிய பிறகு "நெரிசல், 700 பாத்" என்பார், அல்லது மீட்டர் ரிப்பேர் என்பார். பெட்டி உள்ளே போய்விட்டால் நாம் இறங்கத் தயங்குவோம் என்பதுதான் அவர் கணக்கு. அதனால் பெட்டியை வைக்கும் முன்பே "மீட்டர்?" என்று கேளுங்கள், அந்தச் சொல் அங்கும் புரியும். மறுத்தால் பக்கத்து ஊழியரிடம் சீட்டைக் காட்டி வேறு வண்டி கேளுங்கள். கிளம்பியதும் மீட்டரில் 35 தெரிகிறதா என்று பாருங்கள்.

சூடு வைத்த மீட்டரையும் கண்டுபிடிக்கலாம். சரியான மீட்டர் 35, 37, 39 என்று இரண்டிரண்டாகத்தான் தாவும், ஆகவே எப்போதும் ஒற்றைப்படை எண்தான். ஒரு தாவலுக்கு ஏறக்குறைய 250 முதல் 300 மீட்டர் ஓட வேண்டும். எக்ஸ்பிரஸ்வேயில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது ஒரு தாவலுக்குப் பதினோரு வினாடியாவது ஆகும். அந்த வேகத்திலேயே ஐந்தாறு வினாடிக்கு ஒருமுறை தாவினால் மீட்டரில் கோளாறு. சீட்டோடு 1584க்குப் புகார் செய்யலாம், அது தரைவழிப் போக்குவரத்துத் துறையின் எண். மிரட்டல், தகராறு என்றால் சுற்றுலாப் போலீஸ் 1155.

டோலுக்கு 25ஐயும் 50ஐயும் சாவடி வரும்போது தனித்தனியாகக் கையில் கொடுங்கள். 500 நோட்டைக் கொடுத்து "மீதி பிறகு" என்று விட்டால் அந்த மீதி வருவது சந்தேகம். ஹோட்டல் பெயரும் முகவரியும் தாய் எழுத்தில் போனில் இருக்கட்டும். பல டிரைவர்களுக்கு ஆங்கில முகவரி படிக்க வராது, சுற்றிப்போவதில் பாதி அதனால்தான்.

சில்லறை:
டாக்சிக்கு மேலே சொன்னதே போதும். பணத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

ரூபாயாக எடுத்துப் போகாதீர்கள். சட்டப்படி 25,000 வரை கொண்டுபோகலாம், அங்கே மாற்றவும் முடியும், ஆனால் ரூபாய்க்கு வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி மிகப் பெரியது. 100 டாலர் நோட்டுகளாகக் கொண்டுபோவது மேல். சின்ன டாலர் நோட்டுக்கு ரேட் குறைவு. பலகையிலேயே 100, 50, 20 என்று தனித்தனி வரியாகப் போட்டிருப்பார்கள். கிழிந்தது, பேனாவால் எழுதியது எல்லாம் திருப்பித் தரப்படும்.

மாற்றும் இடமும் அந்த மாடிக்கணக்கில்தான் இருக்கிறது. பெட்டி எடுக்கும் இடத்திலும் இரண்டாம் தளத்திலும் உள்ள வங்கிக் கவுன்ட்டர்களில் ரேட் மோசம். அடித்தளத்தில் ரயில் வாசலுக்குப் பக்கத்தில் சூப்பர்ரிச், வேல்யூ பிளஸ் போன்ற கடைகள் இருக்கின்றன, ஊருக்குள் கிடைக்கும் ரேட்டை ஒட்டியே தருவார்கள். பாஸ்போர்ட் கேட்பார்கள். பலகையில் பார்க்க வேண்டியது "பையிங்" என்ற பத்தி, அதாவது அவர்கள் உங்கள் டாலரை வாங்கும் விலை. பக்கத்துப் பத்தியில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்கவேண்டாம்.

ஜன்னலை விட்டு நகரும் முன் எண்ணுங்கள். எல்லாம் 1,000 நோட்டாகத் தந்தால் அங்கேயே உடைத்துக் கேளுங்கள்: 20 பச்சை, 50 நீலம், 100 சிவப்பு. டாக்சியில் "சில்லறை இல்லை" என்ற பேச்சு வராமல் இருக்க இது ஒன்றே வழி.

ஏடிஎம் என்றால் ஒவ்வொரு முறையும் அந்த ஊர் வங்கி 220 பாத் அல்லது அதற்கும் மேல் பிடிக்கும், கிட்டத்தட்ட 600 ரூபாய். உங்கள் வங்கி தன் பங்குக்குத் தனியாகப் பிடிக்கும். எடுத்தால் ஒரே தடவையில் எடுங்கள். முக்கியமானது கடைசித் திரை: "ரூபாயில் மாற்றிக் கழிக்கட்டுமா?" என்று ஒரு ரேட்டைக் காட்டிக் கேட்கும். பார்க்கச் சலுகை மாதிரி இருக்கும். ஏற்காதீர்கள், "மாற்றம் வேண்டாம்" என்பதை அழுத்துங்கள். பணம் எப்படியும் வரும், கணக்கை உங்கள் வங்கி ரேட்டில் போட்டுக்கொள்ளும். கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், பாத்தையே தேர்ந்தெடுங்கள்.

கைப்பை:
வருகை அட்டைக்கு ஒரு பைசா கட்ட வேண்டாம். 2025 மே 1 முதல் அது டிஜிட்டல் ஆகிவிட்டது, முழுக்க இலவசம். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தின் முகவரி "ஜிஓ டாட் டிஎச்" என்று முடியும். "டாட் காம்" என்று முடிந்து, "அவசரச் சேவை" என்று டாலரில் கேட்பவை எல்லாம் இடைத்தரகர்கள். பணம் போவதைவிட நான்கு பேரின் பாஸ்போர்ட் விவரமும் கார்டு எண்ணும் அவர்களிடம் போவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஒருவருக்கு ஒன்று, ஆக நான்கு அட்டைகள். கியூஆர் கோடைப் போனில் படமாகச் சேமித்துவையுங்கள், இறங்கும்போது இணையம் இருக்கும் என்று நம்பவேண்டாம்.

மாம்பலம்வாசி:
மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: நான்கு பேரும் மூன்று பெட்டியும் ஒரு சாதாரண டாக்சியில் அடங்குமா? ரயிலில் போனால் என்ன?

நாலுவழிச்சாலை:
நல்ல கேள்வி. அடங்காது. பாங்காக் டாக்சிகள் பலவற்றில் டிக்கிக்குள் கேஸ் சிலிண்டர் குறுக்கே படுத்திருக்கும். இரண்டு பெரிய பெட்டி வைத்தாலே மூடி இறங்காது. அங்கேதான் "இரண்டு டாக்சி வேண்டும்" அல்லது "என் தம்பி வேன் வைத்திருக்கிறான்" என்ற பேச்சு ஆரம்பிக்கும். டோக்கன் எடுக்கும்போதே பெரிய வண்டிக்கான வரிசையில் நில்லுங்கள். அதுவும் மீட்டர்தான், 35க்குப் பதில் 40இல் தொடங்கும், மொத்தத்தில் கொஞ்சம் கூடும். 1,500 பாத் எப்படிப் பார்த்தாலும் அதிகம். ஓலா, ஊபர் மாதிரி அங்கே இருக்கும் கிராப் செயலியிலும் பெரிய வண்டி போட்டுப் பாருங்கள், டோல் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு உறுதி செய்யுங்கள். "நான்தான் கிராப்" என்று யாராவது வந்தால் நம்பர் பிளேட்டின் இலக்கங்களைச் செயலியோடு ஒப்பிடுங்கள். எழுத்து தாய் மொழியில் இருக்கும், எண்கள் புரியும்.

ரயில் பயா தாய் ஸ்டேஷன் வரை ஆளுக்கு 45 பாத். அங்கே பிடிஎஸ் என்ற மேம்பால ரயிலுக்கு மாறினால் நானாவுக்கு நேர் வண்டி. தனியாளுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. நால்வருக்கு ரயிலுக்கு மட்டுமே 180 ஆகிவிடும், வேலைக்குப் போகும் கூட்டம் ஏறும் நேரம் வேறு. பெற்றோரோடு பெட்டி இழுத்துக்கொண்டு அந்த நேரத்தில் வேண்டாம்.

கைப்பை:
ஏர்போர்ட்டிலிருந்து உங்களை ஏற்றி வரும் டாக்சிக்காரரே "பட்டாயாவுக்கு நாளை மறுநாள் நானே வருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்பார். கொடுக்காதீர்கள். நானாவிலிருந்து பிடிஎஸ்ஸில் எக்கமாய் போனால், பக்கத்திலேயே பட்டாயா பஸ் நிலையம். கவுன்ட்டரில் டிக்கெட் வாங்குங்கள். பட்டாயா கடற்கரைச் சாலையில் ஓடும் திறந்த நீல வேனில் ஏறும்போது விலை கேட்காதீர்கள். கேட்டால் தனிவாடகையாக நினைத்து 200 சொல்வார். பேசாமல் ஏறி, இறங்கும் இடத்தில் மணி அடித்து, ஆளுக்கு 10 பாத் நீட்டுங்கள்.