கிருஷ்ணகிரியில் ஆறு மாதம் லாட்ஜ் வாசம்: எதைப் பார்த்து அறை எடுப்பது?

தென்காசிக்காரன் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் தென்காசிப் பக்கம். பேக்கிங் இயந்திரம் நிறுவுவது என் வேலை. பர்கூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் புது லைன் போடுகிறோம். பிப்ரவரியில் வந்தால் ஜூலை முடியும் வரை அங்கேதான்.

முதலில் வீடுதான் தேடினேன். ஆறு மாதம் என்றதும் பேச்சையே முடித்துவிடுகிறார்கள். தருகிறேன் என்றவர்களும் பதினோரு மாத ஒப்பந்தம், பெரிய அட்வான்ஸ் என்கிறார்கள். கட்டில், பாத்திரமெல்லாம் ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வரவும் முடியாது. தங்கும் செலவுக்குக் கம்பெனி மாதம் 18,000 ரூபாய் வரை தரும், பில் கொடுக்க வேண்டும். அதனால் லாட்ஜ் என்று முடிவு செய்திருக்கிறேன்.

பர்கூரிலேயே தங்குவதா, கிருஷ்ணகிரியா? மாத வாடகை பேசினால் ஒத்துக்கொள்வார்களா? எனக்கு வயிற்றுப்புண் உண்டு, கடைச் சாப்பாட்டுக் காரம் ஆகாது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் மனைவியும் மூன்று வயது மகளும் என்னோடு வந்து இருப்பார்கள். லாட்ஜில் மாதக்கணக்கில் இருந்த அனுபவம் உள்ளவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பழையபேட்டை:

கிருஷ்ணகிரியில் தங்குங்கள். மருத்துவமனை, மருந்துக்கடை, காய்கறி எல்லாம் பக்கத்தில் இருக்கும். குழந்தையோடு இருக்கும்போது அது முக்கியம். பர்கூர் சுமார் 15 கிலோமீட்டர்தான். திருப்பத்தூர், வாணியம்பாடி போகும் பேருந்துகள் பர்கூர் வழியாகப் போகும். சிப்காட்டில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள், எல்லாப் பேருந்தும் நிற்காது.

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. தென்காசியிலிருந்து வருகிறவர்கள் சேலத்தில் இறங்கிப் பேருந்து பிடிப்பது சுலபம்.

பைபாஸ் ஓரத்து லாட்ஜ் மட்டும் வேண்டாம். சென்னை, பெங்களூரு, சேலம் என்று நாலாபக்க லாரியும் இங்கேதான் கூடுகிறது. விடிய விடிய ஹாரன்தான், குழந்தை தூங்காது.

மாங்கூழ்:

தம்பி, நான் மாங்கூழ் தொழிற்சாலைகளில் தரம் பார்க்கிறவன். ஊர் திருவாரூர் பக்கம். மே மாதம் பெட்டியோடு கிருஷ்ணகிரி வந்தால் பெங்களூரா ரக மாங்காய் வரத்து ஓயும் வரை லாட்ஜ்தான் எனக்கு வீடு. பல வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

ஏசி இருக்கிறதா, வைஃபை வருமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அதெல்லாம் இரண்டு நாள் தங்குகிறவருக்கு. மாதக்கணக்கில் இருக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். வேறு ஊர் என்றால் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பாறையிலிருந்தே கரைந்து வருவது அது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. இந்தப் பக்கம் பல ஊர்களில் போர்வெல் தண்ணீர் அதைத் தாண்டிவிடும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சிலர் சிரிக்கும்போது பல்லில் பழுப்புக் கோடு தெரியும், கவனித்துப் பாருங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-இல் திறந்தார்கள். குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் கவலையில்லை. வராத நாளில் லாட்ஜ்காரர் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி.

ஒரு லாட்ஜில் அறை பார்க்கப் போனபோது மேனேஜரைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். இரண்டு கறுப்புச் சின்டெக்ஸ் தொட்டிகள். ஒன்று நகராட்சித் தண்ணீருக்கு, இன்னொன்று போர்வெல்லுக்கு என்றார். இரண்டிலிருந்தும் இறங்கும் குழாய்கள் ஒரு முழ தூரத்தில் ஒன்றாகச் சேர்கின்றன, நடுவில் ஒரு கேட் வால்வு. சுற்றியிருந்த நட்டு, போல்ட்டெல்லாம் துருவேறிக் கிடக்க, அந்த வால்வின் கைப்பிடி மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. தினமும் திருப்புகிற கை பட்டால்தான் அப்படித் தேயும். காவிரித் தண்ணீர் குறைந்தால் போர்வெல்லைத் திறந்து கலந்துவிடுகிறார்கள் என்று புரிந்தது. கேட்டேன், ஆமாம் சார், வேறு என்ன செய்வது என்றார். அவரையும் குறை சொல்வதற்கில்லை. முப்பது அறைக்குக் குளிக்க, துவைக்கத் தண்ணீர் வேண்டுமே. குளிப்பதற்கு அது போதும், குடிக்கத்தான் ஆகாது.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். கிருமிதான் சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்திதான் ஆகும். டி.டி.எஸ். மீட்டரை நம்பியும் முடிவு செய்யாதீர்கள். அது கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவைச் சொல்லும், அதில் புளோரைடு எவ்வளவு என்று சொல்லாது. ஆர்.ஓ. இயந்திரம் புளோரைடை நன்றாகக் குறைக்கும், உள்ளே தண்ணீரை வடிகட்டும் மெம்பரேனைக் காலாகாலத்தில் மாற்றியிருந்தால். வரவேற்பறையில் இருக்கும் இயந்திரத்தைக் கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார்கள் என்று கேளுங்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே தேதி இருக்கும். சீட்டு இல்லையென்றால் 20 லிட்டர் கேன் வாங்கி அறையில் வைத்துக்கொள்ளுங்கள். கேனில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண் 14 இலக்கம் இருக்க வேண்டும், மூடி சீல் உடையாமல் இருக்க வேண்டும்.

உங்களுக்கு ஆறு மாதத்தில் ஒன்றும் ஆகிவிடாது. பெரியவர்களுக்கு எலும்பு வரை பாதிப்பு போகப் பல வருடம் ஆகும். நான் இவ்வளவு சொல்வது உங்கள் மகளை நினைத்துத்தான். மூன்று வயதில் நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும். புளோரைடு பல்லில் கறை ஏற்றுவது அந்தப் பருவத்தில்தான். இரண்டு மாதத்தில் கறை விழுந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. தவிர்க்க முடிவதைக் குழந்தைக்கு ஏன் கொடுக்க வேண்டும்? பால் கலக்க, கஞ்சி வைக்க, வாய் கொப்பளிக்கக்கூட அவளுக்குக் கேன் தண்ணீரே இருக்கட்டும். அந்த வயதுப் பிள்ளைகள் கொப்பளிக்கிறேன் என்று பாதியை விழுங்கிவிடும்.

அடுத்தது வாடகை. பிப்ரவரியில் லாட்ஜெல்லாம் பாதி காலியாக இருக்கும், நீங்கள் சொன்ன விலைக்குப் படிவார்கள். மே பிறந்தால் கதையே வேறு. மாங்காய் வியாபாரிகள், என்னைப் போன்ற சீசன் ஆட்கள், பிற மாநில லாரிக்காரர்கள் எல்லோரும் வந்து இறங்குவோம். கூடவே வைகாசி முகூர்த்தம் வேறு. கல்யாண வீட்டார் மொத்தமாகப் பத்து அறை எடுத்தால், மாத வாடகைக்காரரை ஒரு ராத்திரி மட்டும் வேறு அறைக்கு மாறச் சொல்வார்கள். நீங்கள் தனி ஆள் என்றால் பையைத் தூக்கிக்கொண்டு மாறிவிடலாம். குழந்தையை வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு எங்கே மாறுவது? அதனால் பேசும்போதே லாட்ஜ் லெட்டர்பேடில் எழுதி வாங்கிவிடுங்கள்: ஜூலை வரை இதே வாடகை, இதே அறை, ஏப்ரல் மேயில் குடும்பம் வந்தால் கூடுதல் ஆளுக்குப் பணம் இல்லை, வாரம் இருமுறை படுக்கை விரிப்பு மாற்றித் தர வேண்டும். முதலாளியே கையெழுத்துப் போடட்டும். மேனேஜர்கள் சீசனுக்குச் சீசன் மாறிவிடுகிறார்கள்.

மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம். சித்திரை வெயிலை நாளெல்லாம் வாங்கிக்கொண்ட கான்கிரீட், ராத்திரி இரண்டு மணி வரை அனலைக் கக்கும்.

தர்மபுரி அக்கா:

என் கணவர் விபத்தில் அடிபட்டுத் தர்மபுரி மருத்துவமனையில் இருந்தபோது நானும் என் பையனும் எதிர்த் தெரு லாட்ஜில் வெகுநாள் இருந்தோம். மாங்கூழ் ஐயா சொன்ன தண்ணீர் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் மாமியார் ஊர் பென்னாகரம் பக்கம், அங்கே பெரியவர்களின் பல்லைப் பார்த்தாலே தெரியும்.

தம்பி, சாப்பாட்டுக்கு ஓட்டலை நம்பாதீர்கள். வீட்டோடு சேர்த்து மெஸ் நடத்தும் அம்மாக்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். மாதக் கணக்குக்கு வருகிறேன், வயிற்றுப்புண், காரம் ஆகாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். குழம்புக்கு மிளகாய் போடுவதற்கு முன் ஒரு கரண்டி பருப்பை உங்களுக்கென்று தனியாக எடுத்து வைப்பார்கள். எனக்கு அப்படி ஒருவர் செய்தார், அந்த மகராசி நன்றாக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் மத்தியானம் ராகிக்களி கிடைக்கும். கீரைக் கடைசலோடு உருட்டி முழுங்கினால் சாயங்காலம் வரை பசிக்காது. பழக்கமில்லாதவர் ஒரேயடியாக இரண்டு உருண்டை சாப்பிட வேண்டாம், பாதியில் தொடங்குங்கள்.

வெந்நீர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று கேளுங்கள். பல இடத்தில் காலை எட்டுக்கு மேல் வராது, குழந்தையை எட்டுக்கு முன் குளிப்பாட்ட முடியுமா? துணி காயப்போட மொட்டைமாடியில் கொடி கட்ட விடுவார்களா என்றும் கேளுங்கள். அறைக்குள்ளேயே காயப்போட்டு என் பையனுக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.

அப்புறம், ஆதார் நகல் கேட்பார்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதாரைத் தரவிறக்கி அதையே கொடுங்கள். உங்கள் மனைவி வருகிற அன்றே அவர் பெயரையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ராத்திரி போலீஸ் சோதனைக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

தென்காசிக்காரன்:

அண்ணாச்சி, அக்கா, பழையபேட்டை நண்பர், மூவருக்கும் ரொம்ப நன்றி. தண்ணீர் விஷயம் இதுவரை யாரும் சொல்லவில்லை. இதைப் படித்ததும் என் மனைவி கேன் தண்ணீர் என்று பெரிதாக எழுதிவைத்துவிட்டாள்.

இன்னும் இரண்டு கேள்வி. மகளுக்குக் கஞ்சி, பால் காய்ச்ச அறையில் சின்ன கேஸ் அடுப்பு வைத்துக்கொள்ளலாமா? பில்லில் ஜி.எஸ்.டி. எவ்வளவு வரும்? 18,000-க்குள் அடங்க வேண்டும்.

மாங்கூழ்:

கேஸ் வேண்டாம் தம்பி. ஐந்து கிலோ சிலிண்டர் அடையாள அட்டை காட்டினாலே கிடைக்கும், அதனால் பலர் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு ஜன்னல், அதுவும் கொசுவுக்காகச் சாத்திய அறை. கசிந்தால் போக இடமில்லை. லாட்ஜ்காரருக்குத் தெரிந்தால் அன்றைக்கே காலி செய்யச் சொல்வார், அது நியாயமும்கூட.

மின்சாரத்திலும் கணக்குப் பார்க்க வேண்டும். சாதாரண அறையில் கட்டில் பக்கம் இருப்பது 6 ஆம்பியர் பிளக். 230 வோல்ட்டில் அது தாங்குவது சுமார் 1,380 வாட். இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் வரை இழுக்கும். கடையில் விற்கும் கெட்டில்கள் பலவும் 1,500 வாட். பிளக் சூடேறிக் கருகும் வாசனை எனக்கு நன்றாகத் தெரியும். ஏசி அறையில் ஏசிக்கென்று 16 ஆம்பியர் பிளக் இருக்கும். அதை லாட்ஜ்காரர் அனுமதியோடுதான் பயன்படுத்த வேண்டும், ஏசியை நிறுத்திவிட்டு. 1,000 வாட்டுக்கு உட்பட்ட சின்ன கெட்டிலோ, பிள்ளைக்குக் கஞ்சி வைக்கிற சின்ன ரைஸ் குக்கரோ வாங்குங்கள், சாதாரண பிளக்கே தாங்கும். அதையும் ஒப்பந்தத் தாளில் ஒரு வரி எழுதிவிடுங்கள். பாலைக் கெட்டிலில் காய்ச்சினால் அடி பிடிக்கும், குக்கரே நல்லது.

ஜி.எஸ்.டி. விஷயம் உங்களுக்குச் சாதகம்தான். நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம், முன்பு 12 இருந்தது. ஆனால் ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாளாவது தங்குவதற்கு ஜி.எஸ்.டி.யே இல்லை என்று 2024 ஜூலையிலிருந்து விலக்கு இருக்கிறது. அதற்கு நாள் வாடகை ரசீதாகப் போடாமல், ஆரம்பத்திலேயே ஆறு மாத ஒப்பந்தமாக எழுதி, மாதா மாதம் பில் வாங்குங்கள். லாட்ஜ்காரர் தெரியாது என்றால் அவருடைய ஆடிட்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். நடுவில் ஊருக்குப் போனாலும் அறையைக் காலி செய்யாதீர்கள், 90 நாள் அறுந்துவிடும்.

பழையபேட்டை:

பிப்ரவரி முதல் வாரம் எந்த நாள் வருகிறீர்கள்? ஞாயிறு என்றால் நானும் கூட வருகிறேன். இரண்டு மூன்று லாட்ஜ் மொட்டைமாடி ஏறிப் பார்த்துவிடலாம்.