நூறாண்டு வெள்ளம்னா என்ன கணக்கு?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் கண்மாய்க்குக் கீழே பழைய வளவு வீடு (நடுவில் திறந்த முற்றம் உள்ள வீடு) விலைக்கு வருது. பொறியாளர் அறிக்கையில் "நூறாண்டு வெள்ள மட்டம்"னு இருக்கு. பத்து வருஷம் முன்னாடிதான் வெள்ளம் வந்துச்சாம், இனி 90 வருஷத்துக்குப் பயமில்லைங்கிறார் தரகர். சரியா?

பதில் 1: தப்புங்க, அதை நம்பி முன்பணம் கொடுத்துடாதீங்க. நூறாண்டு வெள்ளம்னா ஒவ்வொரு வருஷமும் 1 சதவீத வாய்ப்பு. போன வருஷம் வந்திருந்தாலும் இந்த வருஷமும் அதே 1தான். ஒரு வருஷம் வராம இருக்க வாய்ப்பு 0.99; அதை 30 தடவை பெருக்கினா 0.74. அதாவது 30 வருஷத்தில் ஒரு தடவையாவது வர 26 சதவீதம். இருபத்தைந்தாண்டு வெள்ளத்துக்கு (வருஷத்துக்கு 4 சதவீத வாய்ப்பு) அதுவே 71 சதவீதம்! அந்த மட்டத்தையும் கேட்டு வாங்குங்க.

கேட்டவர்: திண்ணை தெருவை விட 4 அடி உயரம். போதாதா?

பதில் 2: தெருவை வச்சு அளக்காதீங்க, ரோடு போடப்போட அது உயரும். அறிக்கையில் உள்ளது பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்து மீட்டரில் இருக்கும். அதே பெஞ்ச் மார்க்கிலிருந்து (உயரம் குறிச்சு வச்ச நிலையான அடையாளம்) வீட்டுத் தளத்துக்கு லெவல் எடுக்கச் சொல்லுங்க. டியூப் லெவல்னா (தண்ணி நிரப்பின குழாயை வச்சு மட்டம் பாக்கறது) குழாயில் காற்றுக்குமிழி நிக்கக் கூடாது, அளவு பிசகிடும்.

முக்கியமா முற்றத்துத் தூம்பை (தண்ணி வெளியே போற வழி) பாருங்க. தெருத் தண்ணி வாசற்படி ஏறும் முன்னாடி அந்த வழியா எதிர்த்து வந்து வளவில் நிக்கும். தூம்பு வாயில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணியை வெளியே மட்டும் விட்டு, திரும்ப வர விடாதது) போடலாம்; ஆனா மூடியிருக்கும்போது முற்றத்து மழைத்தண்ணியும் வெளியே போகாது, மோட்டார் வச்சு இறைக்கணும்.

பதில் 1: கண்மாய்க் கரை உடைப்பு பெரும்பாலும் அந்த நூறாண்டுக் கணக்கில் சேராது. மறுகால் ஓடை (கண்மாய் நிறைஞ்சா உபரித் தண்ணி போற ஓடை) எந்தப் பக்கம் போகுதுன்னு கிராம வரைபடத்தில் பார்த்துடுங்க.